பாதியில் நின்ற பதில் கொடி

14 மே 1897, வெள்ளி. இன்று பதில் கொடியை உச்சிக்கு ஏற்றிய பிறகுதான் சைகையின் மூன்றாவது கொடியைப் படித்தேன். எட்டுக் கப்பல்களில் நாமே முந்தினோம் என்று முதுகில் தட்டினார்கள். தவறு தவறுதான். இனி கயிற்றை இழுக்கும் முன் சைகையை முழுதும் படித்து, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

கப்பல் பள்ளியின் மாலை வகுப்பு முடிந்ததும் ஜேகோ ட்ரெசிடர் எழுதிய குறிப்பு இது. சைகைக் கொடிக்காரனான அவனுக்குத் திங்களன்று பதவி உயர்வுத் தேர்வு. அவன் பெயரை அனுப்புவதா வேண்டாமா என்று கேப்டன் லிட்கேட் இன்னும் முடிவு செய்யவில்லை.

மறுநாள் காலை, போர்ட்லாண்டு துறைமுகத்துக்குத் தெற்கே எட்டுப் போர்க்கப்பல்களும் தோளோடு தோள் உரச வருவதுபோல் வரிசை கட்டி வந்தன. வலக்கோடியில் அட்மிரல், இடக்கோடியில் ஜேகோவின் 'ஸ்டெட்ஃபாஸ்ட்'. அட்மிரலின் கம்பத்தில் கொடிகள் ஏறின. எல்லோரும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

பதில் கொடி பாதியில் நின்றால் 'புரியவில்லை'. உச்சிக்குப் போனால் 'புரிந்தது, தயார்'. மற்ற ஏழு கப்பல்களின் பதில் கொடியும் உச்சிக்குப் போனபின் அட்மிரல் தன் கொடியை இறக்குவார். இறங்கிய கணமே எட்டும் திரும்பியாக வேண்டும்.

கொடி மேடையில் இருந்த எல்லாக் கண்களும் வலப்பக்கம்தான். ஜேகோ கொடியைப் பாதிக்கு ஏற்றிவிட்டு இடப்பக்கம் பார்த்தான். வெயில் படாத மூடுபனிக்குள், கப்பலுக்கு வெகு அருகே, பாய் இறக்கிய நண்டுப் படகு ஒன்று. இரண்டு பேர் குனிந்து கூடை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெட்ஃபாஸ்டின் உடம்பு மறைத்ததால் மற்றக் கப்பல்களுக்கு அது தெரிய வழியில்லை.

"டேய், கை மரத்துப்போச்சா? மத்த ஆறும் ஏறிடுச்சு. மேல ஏத்துடா!" என்று கத்தினார் கொடித் தலைவர் பேசட்.

கண் ஏமாற்றுகிறதோ? ஜேகோ மறுபடி பார்த்தான். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மாட்டேன் சார்."

"என்னது?"

அதற்குள் அட்மிரல் கப்பலில் ஸ்டெட்ஃபாஸ்டின் பெயர்க்கொடி ஏறிவிட்டது. எட்டுக் கப்பலும் பார்க்க, தாமதத்துக்கான கண்டனம். கேப்டன் முகம் சிவந்து ஏணியில் ஏறி வந்தார்.

"ஏன்ப்பா, நேத்து முதல் ஆளு, இன்னிக்குத் தூங்குமூஞ்சியா? திரும்பச் சொல்றாங்க, அதுல என்ன புரியல?"

"கொடி புரிஞ்சுது சார். அந்த ரெண்டு பேர் மேல ஏறாம எப்படித் திரும்புறதுன்னுதான் புரியல."

ஜேகோவின் விரல் காட்டிய பக்கம் கேப்டன் பார்த்தார். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"அப்படியே பிடி. இம்மி நகரக்கூடாது. பேசட், அட்மிரலுக்குக் கைக்கொடியில சொல்லு: இடப்பக்கம் அடியில மீன்படகு."

எண்பதாயிரம் டன் இரும்பு, ஒரு முழக் கயிற்றுக்காகத் திரும்பாமல் காத்திருந்தது. படகுக்காரர்கள் நிமிர்ந்து பார்த்து, கெட்ட வார்த்தை சொல்லித் துடுப்பு வலித்து விலகினார்கள். அட்மிரலின் கம்பத்திலிருந்து கண்டனக் கொடி முதலில் இறங்கியது. பிறகு திரும்பும் கட்டளையும் ரத்தானது. கடைசியில் ஒரே சொல் வந்தது: 'நன்று.'

"கடைசியா வந்து பாராட்டு வாங்குன கப்பல் இதுதான்டா," என்றார் பேசட்.

கேப்டன் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை தேர்வுக்கு இவன் பேர எழுதிக்கோ," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை ஜேகோ நோட்டைத் திறந்தான். படகை முதல் பார்வையிலேயே நம்பியிருக்கலாம், இரண்டாம் முறை பார்த்ததில் நான்கு விநாடி போயிற்று என்று எழுதினான். அதன் கீழே: நாளை ஞாயிறு. வழிபாட்டுக்கு முன் கொடிக்கயிறுகள் ஆறையும் இறக்கி, நைந்ததை மாற்ற வேண்டும்.