நாலு விரல் கிழக்கே

அன்று ஆந்திரப் பக்கத்துப் புத்தூர் பள்ளி மைதானத்தில் இருந்தவர்கள்: ரூபா, அவள் செய்த ரோபோ, விளையாட்டு ஆசிரியர் சுரேஷ்பாபு, பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் லட்சுமம்மா, நான். ரோபோவையும் சேர்த்துக்கொள்ளக் காரணம் உண்டு. அந்த ஐந்தில் அன்று தவறு செய்யாதது அது ஒன்றுதான்.

ரூபா என் பெரியப்பா மகள். என்னைவிட ஆறு மாதம் மூத்தவள், அக்கா என்று நான் கூப்பிட்டதில்லை. ஏர்பேடு பக்கம் ஒரு கிராமத்தில் சர்வேயர். பகல் முழுக்க சர்க்கார் கருவியைத் தூக்கிக்கொண்டு வயல் அளப்பாள். ஒரு சாண் வரப்புக்காக அண்ணனும் தம்பியும் மண்வெட்டி ஓங்குவதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் நகரிக்கு வந்து அவளுக்குப் பிடித்ததைச் செய்வாள். செய்ய இடம்தான் இல்லை. வீட்டில் எட்டு பவர்லூம் ஓடுகிறது. தரை அதிரும், பஞ்சுத் தூசி மோட்டாருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஒன்றரை வருஷத்தில் மூன்று மோட்டார் செத்துப்போயின.

அதனால் இந்தப் பள்ளிக்கூடத்தின் ஸ்டோர் ரூமைக் கேட்டிருந்தாள். பழைய இரும்புக் கதவு, உள்ளேயிருந்தும் சாவி போட்டுப் பூட்டலாம். தரை அதிராது. சுரேஷ்பாபு ஒரு நிபந்தனை வைத்தார். மறுநாள் மண்டல விளையாட்டுப் போட்டி. ஓட்டப் பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு அவளுடைய ரோபோ போட வேண்டும். ஐந்து மணிக்குள் கோடு சரியாக வந்தால் அறை அவளுக்கு. வராவிட்டால் ஐந்து மணிக்கு வரும் ஷாமியானா சாமான் அந்த அறைக்குள் போகும், அப்புறம் அது வெளியே வராது.

"இருவது வருஷமா கயிறும் ஆணியும் வெச்சுத்தான் போடறேன், சர்வேயரம்மா. ரெண்டு கோடு சேர்ற எடத்துல என் விரல் உள்ள போச்சுன்னா ஃபெயில். சரேனா?" என்றார்.

"சரே சார்" என்றாள் ரூபா.

அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, பேட்டரி தூக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். சத்தியவேடு பக்கம் செல்போன் கம்பெனியில் நைட் ஷிஃப்டை விட்டு நான்கு மாதமாகச் சும்மா இருந்தேன். வந்தேன்.

ரோபோ பார்க்க அழகாக இருக்காது. தறிச் சட்டத்தின் இரும்பு, திருப்பதியில் பழைய சாமான் கடையில் வாங்கிய சக்கர நாற்காலி மோட்டார் இரண்டு, சுண்ணாம்புப் பொடி கொட்டக் கவிழ்த்து வைத்த தண்ணீர் கேன். உச்சியில் ஒரு காளான் மாதிரி ஆன்டெனா. அதே மாதிரி இன்னொரு காளான் மைதானத்தின் நடுவில் மூன்று கால் ஸ்டாண்டின் மேல் நின்றது.

"சேட்டிலைட் சொல்றதுல ஒரு ஆள் நீளம் தப்பு இருக்கும். நடுவுல நிக்கிறது அசையாம நிக்கிறதால எவ்ளோ தப்புன்னு அதுக்குத் தெரியும். ரேடியோல ரோபோவுக்குச் சொல்லிக்கினே இருக்கும். அப்ப தப்பு ஒரு விரல் அகலத்துக்கு வந்துடும். அத மட்டும் தொடாத" என்றாள்.

தலையாட்டினேன். உடைத்துவிடாதே என்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

பத்தரை மணிக்கு ரோபோ கிளம்பியது. ரூபா பின்னால் நடக்கவில்லை, கையில் ரிமோட்டும் இல்லை. கல் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன் பாட்டுக்குப் போய் வளைவில் திரும்பியது. கம்பெனியில் கோடிக்கணக்கில் விலை போகும் மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். அவை தரையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டவை. இது திறந்த வெளியில், கல்லும் மேடும் உள்ள மண்ணில், வானத்தைக் கேட்டுக் கேட்டுக் கோடு போட்டது. சுரேஷ்பாபு விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார்.

பன்னிரண்டரைக்குப் பாதி முடிந்தது. பேட்டரியை சார்ஜில் போட்டு, சோறு துன்ன ரூபா ஸ்டோர் ரூமுக்குப் போனாள்.

அப்போதுதான் லட்சுமம்மா எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். புது வண்டி ஓடுது, ஒரு பூஜை கூட இல்லையே என்றாள். சக்கரத்துக்குக் கீழே பழம் வைத்தாள், கற்பூரம் ஏற்றினாள். சுரேஷ்பாபு ஸ்டாண்டைக் காட்டினார்.

"அதுதான் பெத்த மிஷின் லட்சுமம்மா, பெரிய மிஷின். அது சொன்னாத்தான் இது நடக்கும்."

"அப்ப அத வெறும் மண்ணுலயா நிக்க வெப்பீங்க? நைனா, கொஞ்சம் தூக்கு நைனா" என்றாள் என்னிடம்.

தூக்கினேன். சாணி தெளித்து மெழுகினாள். எட்டுப் புள்ளி வைத்துக் கோலம் போட்டாள், அவள் அதை முக்கு என்பாள். நடுவில் குங்குமம். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். ஆன்டெனாவில் கீறல் கூட இல்லை.

ஒன்றரைக்கு ரூபா வந்து ரோபோவை ஓட்டினாள். விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டிய கோடு, நாலு விரல் கிழக்கே தள்ளித் தொடங்கியது.

பத்தடி போவதற்குள் நிறுத்தினாள். சுரேஷ்பாபு வந்து குனிந்து பார்த்தார். விரலை வைக்கவில்லை, உள்ளங்கையையே வைத்தார். அது உள்ளே போனது.

"போனா போவுதும்மா. நான் கயிறு எடுத்துனு வரேன்."

"அஞ்சு மணி ஆவலியே சார்."

கம்பெனியில் லைன் நின்றால் முதலில் ஆளைத் தேடுவார்கள். யார், எந்த ஷிஃப்ட், ஐ.டி. நம்பர் என்ன. அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையில் போட்ட கோட்டின் ஒரு மூலைக்கு ரோபோவைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். காலையில் அந்த இடத்துக்கு இருந்த கணக்கையும் இப்போது ரோபோ சொல்வதையும் போனில் பார்த்தாள். இரண்டாவது மூலை. மூன்றாவது மூலை. நாற்பது கிலோ இரும்பு அது. தள்ள நான் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"மூணு எடத்துலயும் ஏழு சென்டிமீட்டர். மூணும் ஒரே பக்கம்" என்றாள். "ரோபோ கெட்டிருந்தா கண்டபடி போவும். இப்பிடி ஒழுங்கா தப்பு பண்ணாது."

அப்புறம்தான் திரும்பி நடுவில் நின்ற ஸ்டாண்டைப் பார்த்தாள். கிட்டே போய்க் கோலத்தைப் பார்த்தாள்.

"யாரு தூக்கனது?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான் சொன்னேன் பாப்பா" என்றாள் லட்சுமம்மா. "பூஜைக்கு."

"பெத்த மிஷின்னு காட்டுனது நானு" என்றார் சுரேஷ்பாபு.

"இவ்ளோ ஒத்துமையா எங்க ஊரு வரப்புத் தகராறுல கூட யாரும் ஒத்துக்கல" என்றாள் ரூபா. "டேய் தணிகை, அது அசைஞ்சா ரோபோவுக்குப் பூமியே அசைஞ்ச மாதிரிடா. ஏன் தொடக்கூடாதுன்னு நானும் சொல்லல. காவலுக்கு ஆள் வெக்காம துன்னப் போனதும் நானு."

"பழைய எடத்துலயே வெச்சுடலாமே" என்றார் சுரேஷ்பாபு.

"பழைய எடம் எங்க சார் இருக்குது? கால் பதிஞ்ச மூணு குழியையும் மெழுகிட்டாங்களே."

லட்சுமம்மா முந்தானையால் கோலத்தைத் துடைக்கக் குனிந்தாள். ரூபா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தாள்.

"ஐயோ, கை வெக்காதீங்க! அது இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்."

ஸ்டாண்டை நகர்த்த வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. அது எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம் என்பதை மூன்று மூலைகளும் சொல்லிவிட்டன. அந்த ஏழு சென்டிமீட்டரைப் போனில் அடித்து ஸ்டாண்டுக்கு அனுப்பினாள். இனி நீ நிற்கும் இடம் இது என்று அதற்குச் சொன்னாள், அவ்வளவுதான். மறுபடி மூன்று மூலைகளுக்கும் ரோபோவைத் தள்ளிச் சரிபார்த்தாள். அவசரப்படவில்லை. எனக்கு வியர்த்தது, அவளுக்கு இல்லை. தவறான பத்தடிக் கோட்டை லட்சுமம்மா தன் விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளினாள்.

ரோபோ கிளம்பும்போது மணி இரண்டே முக்கால். நான் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நாய் வந்தால் விரட்ட வேண்டும் என்று உத்தரவு. லட்சுமம்மா விளக்குமாற்றோடு இன்னொரு பக்கம் நின்றாள்.

நாலு ஐம்பதுக்கு ரோபோ கடைசி வளைவைச் சுற்றி, காலையில் தொடங்கிய புள்ளிக்கு வந்து நின்றது. ஷாமியானா வண்டி கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது. சுரேஷ்பாபு முட்டி போட்டு உட்கார்ந்தார். சுண்டு விரலைக் கோடுகள் சேரும் இடத்தில் வைத்தார். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது, இடைவெளி இல்லை. மதியம் விட்டுத் தொடர்ந்த இடத்துக்கும் போய் அங்கேயும் விரலை வைத்தார். எழுந்து வண்டிக்காரனிடம் கத்தினார்.

"ஸ்டேஜ் கிட்ட எறக்குப்பா. ரூம் காலி இல்ல."

இடுப்புச் சாவிக்கொத்தில் இருந்து ஒன்றைக் கழற்றி ரூபாவிடம் கொடுத்தார். அவள் சாவியை விரலில் மாட்டிக்கொண்டாள். ரோபோவை ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஸ்டாண்டை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வாசலில் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு வா" என்றாள். "வந்து எதையும் தொடாத."

கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி திரும்பிப் பூட்டு விழுந்தது.