கோடு போடாத பக்கம்

ஆறாவது பந்தயத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது கீழே மணி அடித்தது. எழுந்து கயிற்றை இழுத்தேன். பால்பவுடர் டப்பா ஒன்று சுவரில் இடித்து இடித்து மேலே வந்தது. எனக்குச் சீட்டு வருவது இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். குதிரைப் பந்தய மைதானத்தில் கேலரிக் கூரைக்கும் மேலே ஒட்டவைத்த பெட்டி மாதிரி இருக்கும் என் அறிவிப்பு அறைக்கு முப்பத்திரண்டு படி ஏற வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு ஆள் ஏறி இறங்கினால் பாவம் என்று யாரோ ஒரு புண்ணியவான் டப்பாவில் கயிறு கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அலுவலகத்தில் தாளைப் போட்டு மணி அடிப்பார்கள், நான் இழுத்துக்கொள்வேன், மைக் முன்னால் உட்கார்ந்து வாசிப்பேன். எந்தக் குதிரை ஓடவில்லை, எந்த ஜாக்கி மாறியிருக்கிறார், யாருக்கு எவ்வளவு எடை, கடைசியாகப் பரிசுத் தொகை. அவ்வளவுதான் என் உத்தியோகம். இந்த மைதானத்தில் என் முகம் தெரிந்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். குரல் தெரியாதவர் ஒருத்தர் கிடையாது. எல்லாருக்கும் நான் மைக்கக்கா.

'ஒரு மாற்றம்' என்று நான் சொன்னால் போதும், கீழே மூவாயிரம் தலைகள் ஒன்றாகக் குனியும். ரேஸ் புத்தகத்தின் ஓரத்தில் மூவாயிரம் பேனாக்கள் நான் சொன்னதை எழுதிக்கொள்ளும். மேலேயிருந்து அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் கர்வமாகத்தான் இருக்கிறது, சொல்வதற்கென்ன. வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு கீரைக்கட்டு வாங்கி வருவதற்கு ஆள் கிடையாது. இங்கே நான் மெதுவாகச் சொல்வதை நம்பி ஜனங்கள் பணம் கட்டுகிறார்கள். அதனால் எனக்கு ஒரு வைராக்கியம் உண்டு. நான் தப்பாக வாசித்தேன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. 'திருத்தம்' என்ற வார்த்தையை என் வாய்க்குக் கொடுத்ததே இல்லை.

அன்றைக்குச் சீட்டை எடுத்தபோதும் வழக்கம்போல முதலில் சிவப்புக் கோட்டைத்தான் தேடினேன். அது எங்கள் கணக்கரின் ஏற்பாடு. அவரை எல்லாரும் சிக்கனம் என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் 'என்னப்பா' என்று திரும்பிப் பார்ப்பார். புதுத் தாளை அச்சு இயந்திரத்தில் வைத்தால் அவருக்கு வயிறு எரியும். ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாளின் மறுபக்கத்தில்தான் எனக்கு வரும் சீட்டெல்லாம். குழப்பம் வரக்கூடாதென்று பழைய பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். 'கோடு போட்ட பக்கத்தை வாசிக்கக் கூடாது' என்று பந்தயக் கழகச் செயலாளர் கையெழுத்துடன் சுற்றறிக்கையே என் மைக்குக்கு மேலே ஒட்டியிருக்கிறது. கோடு இல்லாத பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். முன்கூட்டியே ஒருதடவை பார்த்துக்கொள்ளும் வழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. அது புதுசாக வருகிறவர்கள் செய்வது.

"ஆறாவது பந்தயம். மொத்தப் பரிசுத் தொகை ஐந்து லட்சம்" என்று ஆரம்பித்தேன். இதற்குப் பிறகு எப்போதும் 'முழுவதும் கழகம் வழங்குவது' என்று வரும். இந்தப் பருவத்தில்தான் புதுச் செயலாளர் வந்து நாலு லட்சத்தை ஐந்து லட்சமாக்கி, மைதானம் முழுக்க அவர் படத்தோடு பதாகை கட்டியிருந்தார். ஆனால் தாளில் வேறு என்னவோ இருந்தது. என் வாய் பழகிய வாய், கண் பார்த்ததைக் கேள்வி கேட்காமல் சொல்லிக்கொண்டே போயிற்று.

"அதன் விவரம். குதிரை உரிமையாளர்கள் கட்டிய நுழைவுக் கட்டணத்திலிருந்து இரண்டு லட்சத்து அறுபதாயிரம். பந்தயக் கமிஷனிலிருந்து ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். குதிரைக்காரர் நலநிதியிலிருந்து இருபத்து நாலாயிரம். கழகத்தின் பங்கு ஐம்பதாயிரம்."

நலநிதி என்ற சொல் வந்தபோதே கண் ஒரு நொடி தடுக்கியது. இருந்தாலும் கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் சுவிட்சை அணைத்தேன். தாளைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்புக் கோடு நான் வாசிக்க வேண்டிய அறிவிப்பின் மேலேயே, அளந்து இழுத்த மாதிரி, மூலைக்கு மூலை போயிருந்தது. கீழே எட்டிப் பார்த்தால் மூவாயிரம் தலையும் குனிந்திருந்தன. எழுதிக்கொண்டிருந்தார்கள்! எதற்கு எழுதுகிறோம் என்று யோசிக்காமலேயே, பழக்கதோஷத்தில், நான் சொன்ன அத்தனையையும் ரேஸ் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் இங்கே குதிரைக்காரர். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனி வைத்து, பந்தயத்துக்கு முன்னால் கயிற்றைப் பிடித்து வட்டத்தில் நடத்திக் காட்டுகிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பூமனசு என்று பேர் வைத்த ஒரு குதிரை விட்ட உதையில் அவருடைய வலது முழங்கால் சில்லு நொறுங்கிப்போனது. பேரைப் பார்த்து யாரையும் நம்பக் கூடாது என்று அதற்குப் பிறகு அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்போது தீவன அறையில் உட்கார்ந்து எடை போடுகிறார், பாதிச் சம்பளம். முழங்காலைத் திறந்து சரி செய்யலாம், நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கென்றே ஒரு நிதி இருக்கிறது. ஜெயிக்கிற ஒவ்வொரு பரிசிலும் நூற்றுக்கு இரண்டு பிடித்து, அடிபட்ட குதிரைக்காரர்களுக்கு என்று சேர்ப்பது. மூன்று தடவை எழுதிப் போட்டோம். மூன்று தடவையும் ஒரே பதில்: 'நிதியில் இருப்பு இல்லை.' சரி, நம்மைவிட மோசமாக அடிபட்டவர்களுக்குப் போயிருக்கும் என்று நானே அவரைத் தேற்றினேன். அந்தப் பணம் பதாகையில் ஐந்து லட்சமாகப் பல்லை இளித்துக்கொண்டு நிற்பது எனக்கு எப்படித் தெரியும்? போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் இதே வாயால்தானே 'முழுவதும் கழகம் வழங்குவது' என்று குழைந்து குழைந்து வாசித்தேன். என் மேலேயே எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

பந்தயம் ஓடி முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. அடுத்த பத்தாவது நிமிடம் செயலாளர் முப்பத்திரண்டு படியையும் ஏறி வந்துவிட்டார். என் மூத்த பையன் வயசு இருக்கும். எப்போதும் சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

"தப்பான தாளை வாசிச்சிட்டீங்க மேடம்."

நான் சுற்றறிக்கையைக் காட்டினேன். பிறகு சீட்டைக் காட்டினேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோடு மாறிப் போயிருக்கு. கணக்கரை நான் பாத்துக்கறேன். இது உள்கணக்கு மேடம், வெளிய சொல்றதுக்கில்ல."

"இதுல இருக்கறது பொய்யா சார்?"

"பொய்னு நான் சொல்லலையே. எந்தெந்தக் கையிலேருந்து வந்தா என்ன, பரிசு பரிசுதானே? ஏழாவது பந்தயத்துக்கு முன்னாடி ஒரு திருத்தம் வாசிச்சிடுங்க. சீட்டு அனுப்பறேன். அது சம்பந்தமில்லாத பழைய தாள், பரிசு முழுக்கக் கழகமே தருது. ரெண்டே வரி."

"வாசிக்கலைன்னா?"

"உங்க குரல் எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம்" என்றார் அதே சிரிப்போடு. "வேற குரல் தேட வெச்சிடாதீங்க."

அவர் இறங்கிப் போனதும் நாற்காலியில் சாய்ந்து கணக்குப் பார்த்தேன். என் சம்பளத்தில் மாதாமாதம் எடுத்து வைப்பதுதான் வீட்டுக்காரருடைய முழங்காலுக்கு. இந்த வேகத்தில் போனால் இன்னும் மூன்று வருஷம். வேலை போனால் மூன்று வருஷமும் இல்லை, முப்பது வருஷமும் இல்லை. ரெண்டே வரி. வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கலாம். அந்த ஆள் கேட்டதுகூட பெரிசாக உறைக்கவில்லை. செய்யாத தப்பைச் செய்தேன் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பதுதான் பொறுக்கவில்லை.

அப்போது படியில் சத்தம் கேட்டது. ஒரு தடி, ஒரு கால், ஒரு இழுப்பு. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டு வாசல் மூன்று படிக்கே சுவரைப் பிடிக்கிற மனிதர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். சட்டையெல்லாம் தவிட்டுத் தூள், முகமெல்லாம் வேர்வை.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"தண்ணி குடு மொதல்ல."

குடித்தார். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து காலை நீட்டிவிட்டுக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, கட்டிப்பிடித்து அழப் போகிறாரோ என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

"கீழ ஒரே கூத்து. பந்தயத்தை எவனும் பாக்கல. எல்லாரும் புத்தகத்தை வெச்சிட்டுக் கூட்டிக்கிட்டு இருக்காங்க. பதினெட்டாயிரம் இடிக்குதாம்."

"என்னது இடிக்குது?"

"நீ சொன்னதை எல்லாம் கூட்டினா அஞ்சு லட்சம் வரல. நாலு லட்சத்து எண்பத்திரெண்டாயிரம்தான் வருது. அந்தப் பதினெட்டாயிரத்தை யாரு தின்னதுன்னு அடிச்சுக்கறாங்க. மைக்கக்கா தப்பா வாசிச்சிருக்கும்னு ஒருத்தன் சொன்னான். வாயை மூடுடான்னுட்டேன். அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

சீட்டை வெடுக்கென்று எடுத்தேன். நலநிதி என்ற வரியில் விரலை வைத்தேன். நாற்பத்திரண்டாயிரம் என்று இருந்தது. இருபத்து நாலு இல்லை. நாற்பத்திரண்டு! தடுக்கிய அந்த ஒரு நொடியில் கண் எண்ணைத் திருப்பிப் போட்டிருக்கிறது. செயலாளர் மிரட்டியபோது வராத பதற்றம் அப்போது வந்தது. இருபத்திரண்டு வருஷம்! ஒரு குதிரையின் எடையில் அரைக் கிலோ மாற்றிச் சொன்னதில்லை. அதுவும் போயும் போயும் இந்த வரியிலா? இவர் முழங்காலுக்கு உரிய வரியிலா நான் பதினெட்டாயிரத்தை விழுங்குவேன்?

"ஐயய்யோ, நான்தாங்க தப்பா வாசிச்சிட்டேன்."

அவர் சீட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். இருப்பு இல்லை என்று வந்த மூன்று கடிதமும் அவர் பெட்டியில்தான் இருக்கின்றன, ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை.

"ஒரு பந்தயத்துக்கே இவ்வளவா" என்றார். பிறகு, "செயலாளர் எதுக்கு வந்தாரு?"

சொன்னேன். திருத்தம், ரெண்டு வரி, வேறு குரல், எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் கொஞ்சம் உடைந்தது. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப எப்படியும் ஒரு திருத்தம் சொல்லணும்."

"சொல்லணும்."

"வேலை போனாலும் போகும்."

"போகும். உங்க காலுக்குச் சேக்கறதும் அதோட நிக்கும்."

கண்ணாடி வழியாக மைதானத்தைப் பார்த்தார். ஏழாவது பந்தயத்துக்கான குதிரைகள் வட்டத்துக்கு வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு குதிரைக்காரர். வழக்கமாக அவர்கள் குதிரையின் காதைத்தான் பார்த்து நடப்பார்கள். இப்போது எல்லாரும் தலையைத் தூக்கி என் அறையைப் பார்த்தபடி நடந்தார்கள்.

"நான் ஏறி வந்துட்டேன், பாத்தேல்ல" என்றார். "இறங்கறதுக்குத்தான் ஆள் வேணும். நீ வேலையில்லாம சும்மா வந்தா உன் தோளைப் பிடிச்சிக்கிட்டே இறங்குவேன்."

இந்த மனுஷனை என்ன செய்வது? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "தோளைப் பிடிச்சா பிடிங்க, பாரத்தை எல்லாம் என் மேல போடாதீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கீழே மணி அடித்தது. கயிற்றை இழுத்தேன். டப்பா வந்தது. அதை அப்படியே மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, நாற்காலியில் அவர் இருந்ததால் நின்றபடியே மைக்கை என் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டேன். சுவிட்சைப் போட்டேன்.

"ஒரு திருத்தம்."

மைதானம் அடங்கியது. உறுப்பினர் மாடத்தின் முன்வரிசையில் செயலாளர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தலையாட்டினார். மூவாயிரம் தலைகள் குனிந்தன.

"ஆறாவது பந்தயப் பரிசுத் தொகையின் விவரத்தில் அறிவிப்பாளர் ஒரு எண்ணைத் தவறாக வாசித்துவிட்டார். குதிரைக்காரர் நலநிதியிலிருந்து எடுக்கப்பட்டது இருபத்து நாலாயிரம் அல்ல. நாற்பத்திரண்டாயிரம். மீண்டும் சொல்கிறேன். நாற்பத்திரண்டாயிரம். தவறுக்கு வருந்துகிறேன்."

பேனாக்கள் ஓடின. அடித்துவிட்டு எழுதினார்கள், கூட்டினார்கள். கேலரியின் நடுவிலிருந்து யாரோ ஒருவர், "இப்ப சரியா வருதுப்பா!" என்று கத்தினார். செயலாளர் எழுந்துவிட்டார். முன்வரிசையைத் தாண்டி, ஆட்களை இடித்துக்கொண்டு, படிக்கட்டு இருக்கிற பக்கமாக வேகவேகமாக வந்துகொண்டிருந்தார். வட்டத்தில் குதிரைகள் நின்றுவிட்டன. கயிற்றைப் பிடித்தவர்கள் நடக்கவில்லை.

எழுதி முடித்தவர்கள் பேனாவை மூடுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் மூடவில்லை. புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அடுத்த பக்கம் ஏழாவது பந்தயம்.

டப்பாவிலிருந்து சீட்டை எடுத்தேன். செயலாளர் சொன்ன இரண்டு வரியும் பெரிய எழுத்தில் இருந்தன. அவற்றின் மேலே மூலைக்கு மூலை, அழுத்தமாக, ஒரு சிவப்புக் கோடு.

"திருப்பிப் பாரு" என்றார் அவர், நாற்காலியிலிருந்து.

திருப்பினேன். ஏழாவது பந்தயம், மொத்தப் பரிசுத் தொகை, அதன் விவரம்; கோடே இல்லை. படியில் காலடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இருபது படியாவது பாக்கி இருக்கும். கீழே மூவாயிரம் பேனாக்கள் காகிதத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தன. நான் இன்னும் சுவிட்சை அணைக்கவில்லை.