மூன்றாவது பதினாலு

“அப்பா, நம்ம வீட்டு நம்பர் எதுக்கு வேற வீட்டுலயும் எழுதியிருக்கு?” என்று என் மகள் ஏழு வயதில் ஒருநாள் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். எங்கள் புறநகரில் மூன்று பேர் தனித்தனியாக மனை பிரித்து விற்றார்கள். மூவரும் ஆளுக்கொரு ‘முதல் தெரு’ வைத்துவிட்டார்கள். அதனால் முதல் தெரு பதினாலாம் நம்பர் மட்டும் மூன்று. தபால்காரர் முதல் தண்ணீர் லாரிக்காரர் வரை எல்லோரும் வழி கேட்டு வந்து நிற்பது மாவு மில்லில்தான். மில்காரரை ‘மாவு அண்ணன்’ என்போம். எந்த வீட்டில் யார் என்பது அவருக்கு அத்துப்படி.

அந்த வருடமே ஒரு மதியம் மகளுக்கு ஜுரம் ஏறி வலிப்பு வந்தது. ஸ்கூட்டரில் விரைந்து வந்த டாக்டர், இன்னொரு பதினாலான டீச்சரம்மா வீட்டில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த மாவு அண்ணன், ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு, ஸ்கூட்டருக்கு முன்னால் ஓடி அவரை எங்கள் வீட்டில் சேர்த்தார். மகள் பிழைத்தாள். மில்லில் அரவைக்கல் வெறுமனே சுற்றிப் பாழாகியிருந்தது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

“கல்லு போனா வேற கல்லு தம்பி. போய்ப் புள்ளையப் பாருங்க.”

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, போன மாதம், எங்கள் தபால் பெட்டியில் ஓர் ஆஸ்பத்திரி அட்டை கிடந்தது. யாருக்கோ கண் ஆபரேஷன். மறுநாள் காலை வரவேண்டும். தவறினால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதிலிருந்த பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. மூன்றாவது பதினாலு எந்த வீடென்று எனக்குத் தெரியாததால் டீச்சரம்மாவிடம் ஓடினேன்.

“அப்படி யாரும் இங்க இல்லையே. மில்லுல கேளுங்க, அவருக்குத் தெரியாத ஆளா?”

மில்லில் பெயரை வாசித்துக் காட்டினேன். மாவு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அது நான்தான் தம்பி! மூணாவது பதினாலு என் வீடுதானே!”

“ஊருக்கெல்லாம் வழி சொல்றாரு, இவரு லெட்டர் மட்டும் ஊரச் சுத்துது” என்றார் உள்ளேயிருந்து அண்ணி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் கண்ணில் தூசி படவே கூடாது, பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பார்க்கப் போன என்னிடம் அண்ணன், “மெஷின் போடமாட்டேன் தம்பி. திங்கக்கிழமையிலருந்து மில்லுல சும்மா ஒக்காந்து வழி மட்டும் சொல்றேன். பாவம், ஜனங்க வெயில்ல அலையுமே” என்றார்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஆள் இல்லை.

மில்லின் உத்தரத்தில் வருடக்கணக்கான மாவு படிந்திருந்தது. தெருவில் லாரி போனாலே உதிரும். ஞாயிறு மதியம், தெருவே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம், அண்ணன் வழக்கமாக மீட்டர் பெட்டிக்கு மேல் வைக்கும் சாவியை எடுத்து மில்லைத் திறந்தேன். உள்ளே போய் ஷட்டரை இறக்கிக்கொண்டு, ஏணி போட்டு, உத்தரம், சுவர், மின்விசிறி எல்லாவற்றையும் ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தேன். அவருடைய நாற்காலியின் அடிப்பக்கத்தைக்கூட விடவில்லை. என் குழந்தையைத் திருப்பிக் கொடுத்த கடவுள் இந்த வேலையையும் எனக்கே கொடுத்தாரே என்று மனம் நிறைந்திருந்தது.

வெளியே எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. பூட்டி, சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.