பையோடு பிறந்த பிள்ளை

கிருபன் இன்சூரன்ஸ் கொம்பனியொன்றில் கிளெய்ம் பார்ப்பவன். பகல் முழுக்கப் பிறர் சொல்வதை நம்பாமலிருக்கச் சம்பளம் வாங்குகிற மனுசன், கனடாவில், ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் எல்லாவற்றையும் நம்பத் தொடங்கிவிடுவான். இரண்டாவது பிள்ளையை வீட்டிலேயே, காற்றடித்த பிளாஸ்டிக் குளத்துத் தண்ணிக்குள் பெறப்போவதாக மனைவி துவாரகா சொன்னபோது, "குளத்தை எந்த அறையில வைக்கிறது?" என்று மட்டுந்தான் கேட்டான்.

அவளிலும் பிழை சொல்ல முடியாது. மூத்தவள் அட்சயா ஆஸ்பத்திரியில் பிறந்தபோது அறைக்குள் ஒரு கூட்டமே நின்றது. ஒருவராவது துவாரகாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இந்த முறை எல்லாம் தன் எண்ணப்படி நடக்கவேண்டும் என்று நினைத்தவள் இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். தாமரைப் பிறப்பு என்ற ஒன்றை அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். கொப்பூழ்க்கொடியை வெட்டக்கூடாது. பிள்ளைக்குப் பின்னால் வருகிற நஞ்சுக்கொடியான இளங்கொடியையும் பிள்ளையோடு சேர்த்தே வைத்திருக்கவேண்டும், கொடி தானாகக் காய்ந்து விழும்வரை.

"அதால என்ன நன்மை?" என்று கேட்டாள், அஜக்ஸ் நகரிலிருந்து உதவிக்கு வந்திருந்த தாய் யோகமலர்.

"பிள்ளைக்கு மன அமைதியாம், அம்மா. எப்ப பிரியிறதெண்டு பேபிதான் முடிவெடுக்கும்."

யோகமலர் மகளைப் பார்த்தாள். பிறகு மருமகனைப் பார்த்தாள். மருமகன் குளத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை காலை வலி வந்தது. குளம் பாதி நிரம்பமுதலே வீட்டுச் சுடுதண்ணி முடிந்துபோனது. கிருபன் கேத்திலும் பானையுமாக ஓடித்திரிந்தான். பிள்ளை காத்திருக்கவில்லை. மிட்வைஃப் ஸ்டெபனியின் கையில், குளியலறைத் தரையில், நல்ல சத்தத்தோடு பிறந்தான்.

ஸ்டெபனி எதையும் மூடிமறைக்கவில்லை. பின்னால் வந்த இளங்கொடியைக் காட்டி, "இது இனி உயிரில்லாத தசை. பிள்ளைக்கு இதால ஒரு பிரயோசனமும் இல்லை, கிருமி தொத்தலாம்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். கொப்பூழைச் சுற்றிச் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி என்றாள். துவாரகா எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டிவிட்டு, தாமரைப்பூ தைத்த துணிப்பையைக் கணவனிடம் நீட்டினாள்.

வகுப்பில் சொன்னபடி கிருபன், பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தியபடியே, இளங்கொடியை அரிதட்டில் கழுவி, ஈரம் ஒற்றி, உப்புத் தூவி, ரோஸ்மேரியும் லாவெண்டரும் போட்டுப் பைக்குள் வைத்தான். மாமி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"உது கருவாடு போடுற மாதிரியெல்லோ இருக்கு?"

"ஓம், மாமி."

"அப்ப கல்லுப்பைப் போடும். தூளுப்புப் பிடிக்காது."

அதற்குப் பிறகு பிள்ளையைத் தூக்குவது இரண்டு பேர் வேலையாயிற்று. ஒருவர் பிள்ளையைத் தூக்க, மற்றவர் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அட்சயா இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "எது தம்பி?" என்று கேட்டாள். பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டு அமிர்தநாதர் மூக்கை உறிஞ்சி, "ஆட்டுக்கால் அவணில போட்டிருக்கிறியளோ? நல்ல வாசம்" என்றார். கிருபன் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து வெகு சீக்கிரம் அனுப்பிவைத்தான்.

செவ்வாய்க்கிழமை ரோஸ்மேரி நாற்றத்திடம் தோற்றுவிட்டது. யன்னல்களைத் திறந்தார்கள். உப்பை மாற்றினார்கள். உடுப்பு மாற்றும்போது கிருபன் பிள்ளையின் வயிற்றைப் பார்த்தான். கொப்பூழைச் சுற்றிச் சிவப்புப் படர்ந்திருந்தது. தொட்டால் சுட்டது.

"வெளிக்கிடும், துவாரகா."

"வகுப்பில கேட்டனான். பிள்ளை விடைபெற ஆயத்தமாகிற அடையாளமாம்."

"அவை பிள்ளையைப் பாத்தவையோ?"

துவாரகா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுக்கப் பார்த்தாள். அவன் வாயே திறக்கவில்லை. இரண்டாம் முறையும் பார்த்தாள். பிறகு எழும்பி, அவளே கார்த் திறப்பை எடுத்துக் கிருபன் கையில் வைத்தாள்.

பிள்ளையைக் கார் சீற்றில் பட்டி போட்டுக் கட்டினார்கள். பைக்குப் பட்டி இல்லை. யோகமலர் அதை மடியில் வைத்துக்கொண்டு, கறிச்சட்டியைக் கொண்டுபோகிறவள்போல வழி முழுக்க ஆடாமல் அசையாமல் இருந்தாள். ஆஸ்பத்திரியில் பையில் என்ன என்று தாதி கேட்டாள். கிருபன் சொன்னான். தாதி இன்னொருமுறை கேட்டாள். அவன் இன்னொருமுறை சொன்னான்.

டொக்டர் கொடியில் கிளிப் போட்டு, ஒரு வெட்டு வெட்டினார். பிள்ளை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஆனால் கிருமி உள்ளே போயிருந்தது. சின்னக் கையில் ஊசி ஏற்றி மருந்து விட்டார்கள். அடுத்த நாள் பின்னேரம்வரை உறுதியாக ஒன்றும் சொல்லமுடியாது என்றார்கள்.

துவாரகா கண்ணாடித் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள். "நான்தான் இதெல்லாம் செய்தனான்."

"நான்தானே உப்புப் போட்டனான்" என்றான் கிருபன். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. சிவப்பும் மெல்ல மெல்லச் சுருங்கி, ஒரு கிழமைக்குப் பிறகு பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். கிருபன் அவனைத் தனியாக, ஒரு கையால் தூக்கிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தைக் கடந்தான்.

துவாரகா நடந்ததை ஒன்றும் விடாமல் வகுப்புக் குழுவில் எழுதினாள். நீங்கள் பயத்தைத் தெரிவுசெய்துவிட்டீர்கள் என்று பதில் வந்தது. அவள் திருப்பி எழுதப் பார்த்தபோது குழுவிலிருந்து தூக்கிவிட்டிருந்தார்கள்.

"என்னவாம்?" என்று கேட்டான் கிருபன்.

"ஒண்டுமில்லை. என்னை வெட்டிப்போட்டினம்."

பிள்ளை பசித்து அழுதான். அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவனைத் தூக்கினாள்.