உடைப்பு அறை

என் மனைவி டைல்ஸ் கம்பெனியின் உடைப்பு அறையில் வேலை பார்க்கிறாள். கேட்பவர்கள் சிரிப்பதால் முதலிலேயே விளக்கிவிடுகிறேன். சூளையிலிருந்து வரும் டைல்களில் நூற்றுக்கு ஒன்றை அந்த அறைக்கு அனுப்புவார்கள். இரண்டு இரும்புக் கம்பிகளின் மேல் அதைக் கிடத்தி, நடுவில் மூன்றாவது கம்பியை மேலிருந்து இறக்கி அழுத்த வேண்டும். எந்த அழுத்தத்தில் உடைகிறதோ அந்த எண்ணை நோட்டில் எழுத வேண்டும். நாளொன்றுக்கு அறுபது, எழுபது உடையும். பதினொரு வருடமாக உடைக்கிறாள்.

பிறந்த வீட்டில் அவளுக்குச் சுத்தியல் என்று பட்டப்பெயர். அவள் வாயைத் திறந்தால் அவள் அப்பா ரேடியோவைச் சத்தமாக வைப்பாராம். பேச்சு எடுபடாத இடத்தில் பொருள் பறந்திருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடி, கடிகாரம், கடைசியாக அண்ணனுடைய மீன் தொட்டி. அந்த அண்ணன்தான் எங்கள் கல்யாணம் முடிவானபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாப்ள, மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. தங்கமான பொண்ணு. ஆனா வீட்டுக்கு எல்லாமே ஸ்டீலா வாங்குங்க."

நான் ஸ்டீலாகவே வாங்கினேன். தேவைப்படவில்லை; போகப்போகக் கண்ணாடியும் பீங்கானும் வீட்டுக்கு வந்தன. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்புதான் அவள் அந்த வேலையில் சேர்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் உடைந்தது ஒரே ஒரு கண்ணாடி டம்ளர். அதுவும் என் கை தவறி.

இதற்கு ஒரு காரணம் உண்டென்று எனக்குச் சொன்னவர், மாதம் ஒருமுறை கம்பெனிக்கு வரும் டாக்டர். ஒருநாள் மனைவியை அழைத்துவரப் போயிருந்தபோது பேச்சுவாக்கில் மீன் தொட்டிக் கதையைச் சொன்னேன். அவர் ரசித்துக் கேட்டார். மனதுக்குள் கிடக்கும் முரட்டு வேகத்தை அடக்கினால் அது வேறு பக்கம் பொத்துக்கொண்டு வரும், அப்படியே விட்டால் ஊரை அழிக்கும், ஆனால் சிலரிடம் அதுவே நாலு பேருக்கு உதவும் வேலையாக உருமாறிவிடும், மனோதத்துவத்தில் இதை மடைமாற்றம் என்பார்கள் என்றார். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வெள்ளம் அங்கே வடிகிறது, வீடு நனையாமல் இருக்கிறது. இப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

சென்ற மாதம் கம்பெனிக்குப் புது இயந்திரம் வந்தது. அது எதையும் உடைப்பதில்லை. டைலைத் தட்டி, எழும் ஓசையை வைத்தே தேறும், தேறாது என்று சொல்லிவிடுகிறது. நூற்றில் ஒன்றல்ல, நூறையும் பார்க்கிறது. உடைப்பு அறையைப் பூட்டப்போவதாக மேனேஜர் திங்கட்கிழமை அறிவித்தார். என் மனைவி அட்டைப்பெட்டிகளில் தேதிச் சீட்டு சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்குப் போகலாம், அல்லது விலகிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை சமையலறையில் டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மச்சானுக்குப் போன் செய்து, உடைப்பு அறையைப் பூட்டப்போவதைச் சொன்னேன். "பதினொரு வருஷ பாக்கியா? நான் இந்த மாசம் உங்க வீட்டுப் பக்கமே வரல மாப்ள" என்று வைத்துவிட்டார். அடைத்த மடைக்கு மாற்று வேண்டும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

வியாழக்கிழமை தாலுகா ஆபீசில் அரை நாள் விடுப்பு எடுத்து, ஒரு டைல்ஸ் கடையின் பின்புறம் குவித்திருந்த கழிவிலிருந்து ஒரு மூட்டை கேட்டு வாங்கிவந்தேன். பாதி முழு டைல்கள், பாதி துண்டுகள். கொல்லைப்புறத்தில் அவற்றை அடுக்கி, பக்கத்தில் சுத்தியலும், கண்ணில் தெறிக்காமலிருக்க ஒரு கண்ணாடியும் வைத்தேன். அவள் வேலை முடிந்து வந்ததும் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"என்னங்க இது?"

"உனக்குத்தான். தினமும் கொஞ்ச நேரம் உடைச்சுக்கோ. தீர்ந்தா இன்னொரு மூட்டை கொண்டுவர்றேன்."

அவள் மூட்டையையும் சுத்தியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"இத்தனை வருஷமா நான் அங்க போய் கோபத்தைக் கொட்டிட்டு வர்றேன்னா நெனச்சீங்க?"

நான் டாக்டர் மேல் பழியைப் போட்டேன். அவள் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஒவ்வொரு டைல்லயும் எங்கப்பா மூஞ்சிதான் தெரியும். கம்பிய எறக்குறப்ப அவ்வளவு சந்தோஷம். ஆறு மாசம் அப்படி. அப்புறம் ஒருநாள் மூஞ்சி வரல. வெறும் டைல்தான் இருந்துச்சு. எடுத்துப் பாத்தேன். ஒடைஞ்ச பக்கத்துல மொதல்ல எங்க விரிசல் விட்டுச்சுன்னு தெரிஞ்சுது. அன்னையிலேருந்து அதைப் பாக்கத்தான் போறேன். ஒடைக்க இல்ல."

"நோட்டுல எண்தானே எழுதுவ?"

"எண் அவங்களுக்கு."

பிறகு அனிச்சையாக மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். உடைந்த விளிம்பின் நடுவே பென்சில் கோடு போல ஒரு கறுப்பு. உள்ளே சரியாக வேகவில்லை என்றாள். அடுத்ததில் பரோட்டா போல மண் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது; அச்சில் அழுத்தும்போது காற்று மாட்டிக்கொண்டதாம். மூன்றாவதை யாரோ மூலையில் இடித்திருக்கிறார்கள். வெளிச்சம் மங்கும்வரை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் துண்டுகளைக் காரணம் வாரியாகப் பிரித்து வைத்தாள். நான் ஏழாவது குவியலை எட்டாவதோடு கலந்துவிட்டேன். "அரசாங்க உத்தியோகம்" என்று முணுமுணுத்தபடி அதைத் திருத்தினாள். சுத்தியலை அவள் தொடவே இல்லை.

"அந்த மிஷினு தேறாதுன்னு சொல்லும். ஏன் தேறாதுன்னு அதுக்குத் தெரியாது" என்றாள் எழுந்திருக்கும்போது.

வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் அவள் பேசியதை அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்கள் விரிசல் விட்டதென்று திருப்பி அனுப்பும் டைல்களைக் கம்பெனியில் பள்ளம் நிரப்பக் கொட்டுகிறார்கள். அவற்றைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். தப்பு சூளையிலா, அச்சிலா, வண்டியில் ஏற்றிய ஆளிடமா, பதித்த கொத்தனாரிடமா என்று எழுதித் தருவதாக. அப்படி ஒரு பதவியே இங்கே இல்லையே என்று மேனேஜர் பேச்சை முடிக்கப் பார்த்திருக்கிறார். அவள் நகரவில்லை. மேசைமேல் காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருந்த ஒரு டைல் சில்லைக் கையில் எடுத்து, அது எந்தப் பக்கத்திலிருந்து உடைந்தது, ஏன் உடைந்தது என்று சொல்லியிருக்கிறாள். கடைசிவரை அவளைப் பேசவிட்டு அவர் கேட்டாராம். இதை மட்டும் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

கிடைத்தது முழு வேலை அல்ல. காலையில் தேதிச் சீட்டு, மதியத்துக்குமேல் இரண்டு மணி நேரம் திரும்பி வந்த சரக்கு. மூன்று மாதம் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்வார்களாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் மேனேஜரைத் திட்டினாள். அந்த ஆளுக்கு மண்ணுக்கும் மாவுக்கும் வித்தியாசம் தெரியாது, ரெண்டு மணி நேரத்துல மூட்டையைப் பிரிக்கவே சரியாப் போயிடும் என்றெல்லாம். நான் குறுக்கே பேசவில்லை. திட்டி முடித்துத் தண்ணீர் குடித்தாள். பிறகு திரும்பி வந்த சரக்கிலிருந்து காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு நீலத் துண்டைக் கைப்பையிலிருந்து எடுத்து, மேசை விளக்கை அருகில் இழுத்து, உடைந்த பக்கத்தை மெல்லத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.