கடிகாரம் இல்லாத தூண்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா, கதவோரம் குளிரடிக்கும். கெட்டில்மன் கடை மூடின வாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், தூக்கம் வருவதற்குள் முடிந்துவிடும்.

எங்கள் பஃபலோ நகரத்தில் யாரைச் சந்திப்பதென்றாலும் "கடிகாரத்துக்கு அடியில் வா" என்றால் போதும். எட்டு மாடிக் கடையின் மூலைத் தூணிலிருந்து வெண்கலக் கம்பியில் அது தொங்கியது. காத்திருப்பவர்கள் மணி பார்க்க நடைபாதை விளிம்புக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அப்படியே ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுவிடுவார்கள்.

கடை மேலிருந்து கீழாகச் செத்தது. முதலில் தேநீர்க்கூடம், பிறகு கம்பளப் பிரிவு, பிறகு தொப்பிப் பிரிவு. ஒவ்வொரு மாடியாக விளக்கை அணைத்து, மிச்சச் சரக்கைக் கீழே இறக்கினார்கள். கடைசியில் கீழ்த்தளம்தான் மிஞ்சியது. அங்கே நான் கையுறை விற்றுக்கொண்டிருந்தேன்.

வாண்டா அக்கா, புரோனியா தங்கை. அம்மாவின் சாவுக்குத் தங்கை வரவில்லையென்று அக்கா பேச்சை விட்டவள். நான் சொல்லும் நாளுக்கு மறுநாள் வாண்டா ரயிலேறி, தூரத்து அரிசோனாவில் மகனோடு இருக்கப் போகிறாள், இனித் திரும்பமாட்டாள். அதனால் ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்: பகல் பன்னிரண்டுக்கு, கடிகாரத்துக்கு அடியில்.

அன்று காலையில்தான் கடிகாரத்தை விற்றுக் கழற்றியிருந்தார்கள்.

வாண்டா தொப்பியும் கையுறையுமாக வந்தாள். வெறும் கம்பியைப் பார்த்தாள். விளிம்புக்குப் போக என்ன இருக்கிறது? முட்டி வலிக்க, மெயின் தெருப் பக்கம் தூணில் சாய்ந்துகொண்டாள். நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத கருங்கல் தூண் அது. நேரம் ஓடியது. பனி தூறியது. கடைசியில் தூணையொட்டிய வாசலில் நின்ற காவலரிடம் போனாள்.

"மணி என்னப்பா?"

"பன்னிரண்டே முக்கால்மா. யாருக்குக் காத்திருக்கீங்க?"

"என் தங்கச்சிக்கு. அவ என்னைக்கு நேரத்துக்கு வந்தா? அம்மாவைப் புதைக்கும்போதே வராதவ!"

தூணுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் சீறியது.

"யாரு நேரத்துக்கு வரல? பதினொன்றரையிலேர்ந்து இங்க விறைச்சுக் கிடக்கேன்!"

வாண்டா தூணைப் பிடித்தபடி சுற்றிப் போனாள். அங்கே புரோனியா, மூக்கு சிவந்து, கையில் பொட்டலத்தோடு.

"ஏண்டி, இந்தப் பக்கம் வந்து பாக்கக்கூடாதா?"

"நீ வரக்கூடாதா? எப்பவும் சின்னவதான் தேடி வரணுமா?"

இருவரும் உள்ளே வந்து செருப்புப் பிரிவு நாற்காலிகளில் பொத்தென்று விழுந்தார்கள். புரோனியா பொட்டலத்தைப் பிரித்தாள், கறுப்பு ரொட்டியும் பன்றிக்கறியும். சிரிக்கவும் தெம்பில்லை, அழவும் தெம்பில்லை. மென்றார்கள்.

"அன்னைக்கு வர முடியலக்கா. சவப்பெட்டியில அம்மாவப் பாக்க பயம்."

வாண்டா ஒரு துண்டு பன்றிக்கறியைத் தங்கை பக்கம் தள்ளினாள். "அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி."

கடைச் சாமான்களை வாங்க வந்த ஒரு ஆள் அருகே வந்து நின்றான். "அம்மா, இந்த நாற்காலிய நான் வாங்கிட்டேன்."

"வாங்கினா என்ன? ரொட்டி முடியட்டும்," என்றாள் வாண்டா. அவன் நின்றான்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரட்டுமாக்கா?"

"வா. அங்க தூணுக்குப் பின்னால நின்னுடாத."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு நாற்காலிகள் எதுவும் காலியாகக் கிடக்காமல் இருக்கட்டும். கோபித்துக்கொண்டு போனவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பி வரட்டும்.