பயனர்மேல் தப்பில்லை

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. திரையைப் பயன்படுத்துகிறவர் தடுமாறினால் தப்பு அவர்மேல் இல்லை, திரையை வடிவமைத்தவர்மேல். முதல் வகுப்பிலேயே இதை மண்டையில் ஏற்றிவிடுவார்கள். என் மண்டையில் கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டது. தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் யாராவது ஒரு கதவின் முன்னால் முழித்தால் நான் கதவைத் திட்டுவேன். வீட்டில் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

கல்வித் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சி செய்கிறேன். வயதானவர்கள் யாரையும் கெஞ்சாமல், தாங்களே ஒரு புதிய கருவியைக் கற்றுக்கொள்வதற்கான பாடத்திரையைச் செய்துகொண்டிருந்தேன். முனைவர் பட்டம் கையில் இருந்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டில் ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தால்தான் இந்தத் துறையில் நம்மை ஒரு ஆளாக மதிப்பார்கள். போஸ்ட்டாக் என்பார்கள். நான் விண்ணப்பித்த இடங்களிலிருந்தெல்லாம் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. அத்தனை பேராசிரியர்களை வருத்தப்பட வைத்த பெருமை எனக்கு உண்டு. பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு அது ஐந்தாவது வருடம். இந்த முறை விட்டால் விட்டதுதான்.

"படிச்சு முடிச்சதுக்கு அப்புறமும் படிப்பாடி?" என்பாள் அம்மா. சொல்வாளே தவிர, என்னைவிட அவளுக்குத்தான் அவசரம். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். 'மருந்து எழுதத் தெரியாத டாக்டர்' என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். மின்னஞ்சல் வந்ததா, பதில் வந்ததா என்று காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

என்னுடைய முதல் பயனரும் அவள்தான். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு டேப்லெட்டை அவள் முன்னால் வைப்பேன். அவள் விரல்களை மட்டும் படம்பிடிக்கிற மாதிரி ஒரு கேமரா. நான் எதிரே உட்கார்ந்து பார்க்கலாம், ஆனால் உதவக் கூடாது, கண்ஜாடை கூடக் காட்டக் கூடாது. பாடம் இதுதான்: வெளியூரில் இருக்கும் ஒருவரை வீடியோவில் கூப்பிடுவது எப்படி. அதைத் தேர்ந்தெடுத்ததும் அம்மாதான். "நீ போனப்புறம் உன்னைக் கூப்பிட நான் உன் தம்பி கைய எதிர்பாத்துட்டு இருக்கணுமா?" என்றாள்.

முதல் திரையை அவள் ஒரே மூச்சில் முடித்தாள். முடித்த கையோடு குறையும் சொன்னாள். "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. டாக்டருங்க கிறுக்கலையே படிச்சவ நான், எனக்கே கண்ணு வலிக்குது." எனக்கு ஒரே சந்தோஷம். குறை சொல்லும் பயனர் கிடைப்பது அதிர்ஷ்டம். எழுத்தைப் பெரிதாக்கினேன்.

சில வாரம் கழித்து இரண்டாவது திரை. பாதியில் நின்றாள். "இங்க ஒண்ணு இருந்துச்சே, எங்கடி ஒளிச்சு வெச்ச?" அவள் தேடிய பச்சைப் பொத்தான் அவள் விரலுக்கு நேர் கீழே இருந்தது. நிறம் எடுப்பாக இல்லை என்று எழுதிக்கொண்டேன். மூன்றாவதில் பொத்தான்களைக் குறைத்தேன். நான்காவதில் படங்கள் சேர்த்தேன். ஐந்தாவதில் பாதிப் படங்களைத் தூக்கினேன். ஒவ்வொரு முறையும் அவள் விரல் எங்காவது அந்தரத்தில் நிற்கும். "உன் ஸ்கிரீன் சரியில்லடி," என்பாள். "ஆமாம்மா, சரியில்லதான்," என்று நானும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன், எங்களோடுதான் இருக்கிறான். ஒரு நாள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னான். "அக்கா, காலைல அம்மா அடுப்பை அணைக்காமலே கடைக்குப் போயிருக்கா. நல்லவேளை, நான் சாவியை மறந்துட்டுத் திரும்பி வந்தேன்."

அடுப்புகளின் வடிவமைப்பே தப்பு என்று நான் அவனுக்கு வகுப்பெடுத்தேன். எரிகிற இடங்கள் நான்கும் சதுரமாக அமைந்திருக்கின்றன, குமிழ்களோ ஒரே வரிசையாக. எந்தக் குமிழ் எந்த அடுப்புக்கு என்று யாருக்குத்தான் தெரியும்? உலகம் முழுக்க இதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

"அந்தக் குமிழ்தான் சரியில்ல," என்று அம்மா உள்ளேயிருந்து எனக்கு ஒத்து ஊதினாள்.

"உன்கிட்ட எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவப் போனான்.

ஏழாவது திரையில் ஒரே ஒரு பொத்தான்தான். என் முகம் இருக்கும்; அதைத் தொட்டால் அழைப்பு போகும். அதற்கு மேல் எளிதாக்க எதுவும் இல்லை. அம்மாவுக்குப் பிறகு நூலகத்துக்கு வருகிற பெரியவர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். எல்லோரும் பேசிக்கொண்டே முடித்துவிட்டார்கள். என் வழிகாட்டிப் பேராசிரியர் தலையாட்டித் தலையாட்டிப் பார்த்தார். "இதை அனுப்புங்க. இந்தத் தடவை கூப்பிடுவாங்க," என்றார். கூப்பிட்டார்கள்.

நேர்காணல் அன்று கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியைக்குத் தலை முழுக்க நரை, அமைதியான குரல். ஏழு திரைகளையும் வரிசையாகக் காட்டினேன். எந்த இடத்தில் பயனர் நின்றார், அதை எப்படிச் சரிசெய்தேன் என்று அம்மாவின் விரல்களை வைத்தே விளக்கினேன். நன்றாகத்தான் பேசினேன். வேலை கிடைத்துவிட்டது என்றுகூட உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பேராசிரியை என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ஏழு திரைகளையும் பார்த்தவர் இந்த ஒரு பயனர் மட்டும்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாராக இருந்தாலும் பழகப் பழக வேகம் கூட வேண்டும், அதிலும் உங்கள் திரை ஒவ்வொரு முறையும் எளிதாகிக்கொண்டே வந்திருக்கிறது, ஆனால் இவர் மட்டும் ஒவ்வொரு முறையும் முன்னைவிடத் தாமதமாகிறாரே, ஏன் என்றார்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. திரை மாறிக்கொண்டே இருந்ததால் பழைய பழக்கம் குறுக்கே வந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது திரையில் ஏழாவது படம் உறைந்து நின்றிருந்தது. ஒரே ஒரு பொத்தான், அதில் என் முகம், அதற்கு மேலே எங்கே தொடுவது என்று தெரியாமல் நிற்கும் அம்மாவின் விரல். பழி போட அந்தத் திரையில் வேறு எதுவும் மிச்சமில்லை.

 இவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று பேராசிரியை கேட்டார்.

என் அம்மா என்றேன்.

மற்ற இருவரும் குனிந்து காகிதங்களைப் பார்த்தார்கள். உங்கள் வேலை நல்ல வேலை, அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். நன்றி சொல்லி மடிக்கணினியை மூடினேன்.

அம்மா டீயோடு வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன கேட்டாங்க? நல்லா சொன்னியா?"

"அம்மா, உனக்கு எப்பத் தெரியும்?"

என்ன தெரியும் என்று அவள் கேட்கவில்லை. டீயை மேசைமேல் வைத்தாள்.

"நாலாவது ஸ்கிரீன்லயே தெரியும்டி. எத்தனை பேருக்கு அந்த மறதி மாத்திரைய எடுத்துக் குடுத்திருக்கேன். கூட வர்ற பிள்ளைங்க முகத்தப் பாத்தே, இது அந்த மாத்திரைதான்னு சொல்லிடுவேன்."

"ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அப்ளிகேஷன் போட்டிருப்பியா? ஸ்கிரீன் மேல பழிய போட்டேன், நீயும் நம்பிட்ட. அவ்வளவு படிச்ச புள்ள, என்ன சொன்னாலும் நம்புது." சிரிக்கப் பார்த்தாள்.

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளைவிட எங்கள் துறையின் அந்த விதியின்மேல்தான் கோபம். இத்தனை மாதம் அவள் எதிரே உட்கார்ந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு தடவையாவது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

நரம்பு மருத்துவர் சொன்னதில் புதிதாக ஒன்றும் இல்லை. அவர் எழுதிய மருந்தை அம்மாவே படித்து, எப்போது போட வேண்டும் என்று தம்பிக்கு விளக்கினாள்.

அடுத்த வாரமே வேலைக்கான கடிதம் வந்தது. இரண்டு வருடம், நல்ல சம்பளம், அந்தப் பேராசிரியையின் ஆய்வுக்கூடத்திலேயே. வர இயலாது என்று பதில் எழுதிவிட்டேன். வீடு இரண்டு பட்டது. "நான் பாத்துக்க மாட்டேனாக்கா? நீ போ," என்று தம்பி மன்றாடினான். அம்மா அழுதாள், திட்டினாள். "என்னைச் சாக்கு வெச்சு உன் வாழ்க்கைய கெடுத்துக்காதடி," என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அவளுக்கு என்னைத் தெரிகிற நாட்களை வேறொரு நாட்டில் உட்கார்ந்து செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு கல்லூரியில் பகுதிநேர வேலையில் சேர்ந்தேன்.

பல நாள் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் காலை சமையலறையில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபம் போய்விட்டது என்று எனக்கும் உயிர் வந்தது.

"என்னடி, அந்த வெளிநாட்டுலேருந்து பதில் வந்துச்சா?" என்றாள்.

உண்மையைச் சொன்னேன். கிடைத்தது, நான் போகவில்லை என்றேன். முதல் முறை கேட்பவள் போலவே அழுதாள், அதே வார்த்தைகளைச் சொல்லித் திட்டினாள், அதே கதவைச் சாத்தினாள். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டபோது, கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். அது இன்னும் மோசம். எனக்கு வேலை கிடைக்காதது தன்னுடைய குற்றம் போலக் குறுகிப்போய் நாள் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்.

இன்று காலையும் கேட்டாள்.

"இன்னும் வரலம்மா."

"வரும், வரும். உனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?" என்று என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு தம்பி பக்கத்தில் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "நீ கிளம்புற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாம இருந்தா போதும்."

"ஒண்ணும் ஆகாதும்மா," என்றேன்.